துவக்கு உதைத்த இடம்

போன மாதம் உங்களில் ஒருவர் என்னைப் போனில் அழைத்துக் கேட்டார். "அங்கிள், பெரிய கலிபர் ரைஃபிள் ஒண்டு வந்திருக்கு. கஸ்டமருக்கு உதை தாங்க ஏலாதாம். ஜஸ்ட் டெல் மீ, பிரேக் போடட்டா, ரப்பர் போடட்டா?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லும் தைரியம் எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. அந்த ஒரு வரிப் பதிலால் ஒரு மனிதரின் காது கெட்டது. ஒரு மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடி மறைந்தது. அதனால்தான் அன்று, "பிறகு எழுதி அனுப்பிறன் தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன். நீங்கள் எல்லோரும் வாசிக்கலாம் என்பதற்காக இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வேட்டைத் துப்பாக்கி திருத்தும் தொழிலுக்கு ரொறன்ரோவில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறீர்கள். நான் தொடங்கியபோது எனக்குத் தெரிந்து வேறு தமிழர் யாரும் இதில் இல்லை. மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், சேலைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் என் பட்டறை. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். வந்த புதிதில் தொழிற்சாலைகளில் கடைசல் வேலை செய்து, பிறகு இதற்கான உரிமம் எடுத்தேன். என் மனைவி ஊராரிடம் "இவர் மெஷின் ஷொப் வைச்சிருக்கிறார்" என்று மட்டும்தான் சொல்லுவாள். வீட்டில் வேறு கதை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீங்கள் இஞ்ச வந்து துவக்குக்கு வைத்தியம் பாக்கிறியள்" என்பாள். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். வைத்தியம் என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். வைத்தியன் என்றால் முதலில் ஆளையல்லவா பார்க்க வேண்டும்? நான் துப்பாக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிஸாம் அஜின்கோர்ட்டில் இறைச்சிக்கடை வைத்திருந்தார். மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம். குள்ளமான, அகன்ற மனிதர். அரை மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வானிலிருந்து கடைக்குள் நடந்து போவார். ஒரு கோடையில் அவர் நீண்ட பெட்டியோடு என் பட்டறைக்கு வந்தார். உள்ளே நல்ல வால்நட் மரத்தில் செய்த ரைஃபிள். பெரிய ரவை, அதாவது தோட்டா, போடுவது. யாரோ உயரமான வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கியது.

"இவ்வளவு பெரிசு ஏன் நிஸாம்? மூஸுக்கு இதைவிடச் சின்னது காணுமே" என்றேன். மூஸ் என்பது இங்கத்தைய பெரிய காட்டு மான், எருமையைவிட உயரம்.

"மூஸ் ஓடப்படா அண்ணன். நிண்ட இடத்தில விழணும்" என்றார். "நான் அல்லாட பேரச் செல்லித்தான் சுடுறன். மூச்சு நிக்க முந்திப் போய் அறுக்கணும். காயத்தோட ஓடி எங்கயோ கிடந்து மவுத்தாப் போனத நான் தொடமாட்டன். எனக்கு ஹலால், அதுக்கு வேதனை இல்ல. ரெண்டுக்கும் ஒரே வழி, ஒரே வெடி."

ஆனால் அந்தத் துப்பாக்கியின் உதை அவரைக் குழப்பியது. குறி தப்புகிறது என்றார். உதை வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை நான் கவனிக்காமல் விட்டேன்.

உதையைக் கணக்கிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ரவையின் எடை, அதன் வேகம், துப்பாக்கியின் எடை ஆகிய மூன்றும் இருந்தால் தாளில் போட்டுவிடலாம். நான் போட்டேன். பிறகு குழலின் வாயில் பிரேக் பூட்டினேன். பக்கவாட்டில் துளைகள் உள்ள அந்தச் சிறிய இரும்பு உருளை, வெடிப்புகையைப் பக்கங்களுக்குத் திருப்பி, துப்பாக்கி பின்னால் தள்ளும் விசையைக் குறைக்கும். அதை நானே கடைந்தேன். துளைகளின் கோணத்தை நானே தீர்மானித்தேன். மறுபடி கணக்குப் போட்டபோது உதை நன்றாக இறங்கியிருந்தது. அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

நிஸாமைப் பட்டறையில் நிற்கவைத்து, துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆடி மாதத்துப் புழுக்கம். மெல்லிய ரீஷேர்ட் போட்டிருந்தார். பின்முனை, அதாவது பிடங்கு, தோளில் பொருந்துவதுபோலத்தான் தெரிந்தது. ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே இருந்த சுடுதளத்துக்கு அழைத்துப் போய்ச் சுடவைத்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"சுப்பர் அண்ணன். ஒண்ணும் இல்ல. நல்லா இரிக்கி."

இரண்டாம் முறை சுட்டார். "எப்பிடி?"

"நல்லா இரிக்கி அண்ணன்."

எனக்குச் சந்தோஷம். அவரைவிட வயதில் மூத்தவன், படித்தவன், அவருடைய வாயில் அண்ணன். நான் கேட்கிறேன், அவர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலை நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

இன்னொரு விடயத்தையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரேக் பூட்டிய துப்பாக்கியின் சத்தம் பின்னால் நிற்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பயங்கரமாக இருக்கும். சுடுதளத்தில் எல்லோரும் காதுமூடி போட்டிருப்பார்கள். காட்டில் அநேகமாக ஒருவரும் போடுவதில்லை. மிருகத்தின் காலடி கேட்க வேண்டுமே. பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள், காதை மூடாமல் சுடாதீர்கள் என்று நான் நிஸாமிடம் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் நான் கடைந்த பொருளின் குறையை நானே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும்.

அந்த இலையுதிர்காலம் நிஸாம் வடக்கே வேட்டைக்குப் போய்த் திரும்பினார். போனில் கேட்டேன். "இந்த முறை வாய்க்கல்ல அண்ணன்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு சில வருடங்கள் அரசாங்கக் குலுக்கலில் அவருக்கு மூஸ் சுட அனுமதி கிடைக்கவில்லை. துப்பாக்கியும் என்னிடம் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

பிறகு ஒரு செப்ரெம்பர் காலையில் நிஸாமின் மனைவி சரீனாவும் அவளுடைய மூத்த சகோதரர் ரபீக்கும் பட்டறைக்கு வந்தார்கள். ரபீக் லொறி ஓட்டுபவர். நிஸாமின் வேட்டைத் துணை. கதவருகில் நின்றவர், நான் "வாங்கோ" என்றபோது தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொடுத்தார்.

"அண்ணன், ஒங்கட பிரேக் நல்ல சாமான்" என்றார் ரபீக். "அண்டையில இருந்து இடது காதுக்குள்ள கேத்தில் கொதிக்குது. அடுப்ப நிப்பாட்ட ஆளில்ல. பொஞ்சாதி ஏசுறதும் கேக்கல்ல. அதுக்கு மட்டும் ஒங்களுக்கு நன்றி."

சரீனா தன் நானாவை, அண்ணனை, அதட்டினாள். "நானா, வாய வெச்சிட்டு இரிங்க. நாம வந்த விசயம் வேற." பிறகு என்னிடம், "நாங்க வந்தது அவருக்குத் தெரியா அண்ணன்" என்றாள்.

அவள் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியவந்தது. அந்த முதல் வேட்டையில் நிஸாம் மூஸைச் சுட்டிருக்கிறார். சுடும்போது ரபீக் பக்கத்தில் நின்றிருக்கிறார். ரவை பின்தொடையில் பட்டு மிருகம் ஓடியது. இருட்டும்வரை இரத்தத்தைத் தேடிப் போனார்கள். அடுத்த நாளும் போனார்கள். கிடைக்கவில்லை. திரும்பி வந்த நிஸாம் பல நாட்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"இந்த வருசம் அனுமதி வந்திரிக்கி" என்றாள் சரீனா. "இந்த முறையும் ஒண்டக் காயப்படுத்தி விட்டா துவக்க வித்துட்டு, காட்டுப் பக்கம் தலை வெச்சும் படுக்கமாட்டன் எண்டுட்டாரு. கடை, வீடு, பள்ளிவாசல், இதத் தவிர அந்த மனுசனுக்கு இரிக்கிறது அந்த ஒரு கிழமைதான் அண்ணன். அதுவும் போனா எங்களோட சிரிக்கிறதும் நிண்டு போயிரும்."

"நான் கேக்கேக்க நல்லா இருக்கு எண்டுதானே சொன்னவர்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "நீங்க மூத்த ஆள். செஞ்சு தந்திரிக்கீங்க. ஒங்கட மூஞ்சிக்கு நேர எப்பிடிச் செல்லுவாரு? ஒவ்வொரு நாளும் பழகிட்டு வந்து என்னட்டத்தான் எண்ணெய் போடச் செல்றாரு. இந்த வெயில்லயும் வேட்டைக் கோட்டப் போட்டுட்டுச் சுடுறாரு. காட்டில எப்பிடியோ அப்பிடியே பழகணுமாம். அந்தக் கோட்டு நாத்தம் தாங்க ஏலா. கை முழுக்கக் கண்டல்."

"தோளில?"

"தோள்ல இல்ல. நானா, கையத் தூக்குங்க." ரபீக்கின் புயத்தில், தோள் மூட்டுக்குக் கீழே வெளிப்பக்கம், விரலால் குத்திக் காட்டினாள். "இந்தா, இதில. நாகப்பழம் மாதிரி."

"ஆ! என்ட கையில ஏன்கா குத்துறாய்? அவன்ட கண்டல் எனக்கும் வரணுமா?" என்றார் ரபீக்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதுதான் நீங்கள் மனதில் பதிக்க வேண்டிய இடம். உதை எங்கே படுகிறது என்பது எவ்வளவு உதை என்பதைவிடப் பெரிய செய்தி. தோள்குழியில் பிடங்கு படிந்தால் உடம்பு முழுவதும் அதை வாங்கிப் பகிர்ந்துகொள்ளும். புயத்தில் படிந்தால் ஒரு சதைத்துண்டு மட்டும் வாங்கும். அந்தத் துப்பாக்கி உயரமான ஒருவருக்குச் செய்தது. குட்டையான கை கொண்ட நிஸாமுக்கு அது நீளம். ரீஷேர்ட்டோடு எப்படியோ சமாளித்தார். தடித்த வேட்டைக் கோட்டுக்கு மேலே வைக்கும்போது பிடங்கு தோள்குழிக்குள் போகாமல் வழுக்கிப் புயத்தில் போய் நின்றது. பனிக் காலத்தில் சுடப்போகும் மனிதரை நான் ஆடி மாதத்து உடுப்பில் அளந்தேன். பொறியியல் படித்தவன் செய்த வேலை அது.

அதோடு பிரேக்கின் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் முகத்தில் அறைந்ததுபோல இருந்திருக்கும். வலிக்குச் சத்தம் துணை, சத்தத்துக்கு வலி துணை. நான் தாளில் உதையைக் குறைத்தேன். அந்த மனிதருக்குள் பயத்தை ஏற்றினேன்.

ரபீக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் இடது காதை உள்ளங்கையால் பொத்தி எடுத்தார். "தெரியாமச் செஞ்சீங்க எண்டு நினைச்சிட்டிரிந்தன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. அவருடைய காதும் இன்றைக்கும் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. இதற்கு நான் செய்யக்கூடிய பரிகாரம் ஒன்றும் இல்லை. நிஸாமுக்குச் செய்யக்கூடியது இருந்தது. வேட்டைக்கு அதிக நாள் இல்லை.

நிஸாமை அழைத்தேன். "துவக்கைக் கொண்டு வாங்கோ, ஒருக்காப் பாப்பம்."

"ஒண்ணும் இல்ல அண்ணன், நல்லா இரிக்கி."

"நல்லா இருந்தாலும் கொண்டு வாங்கோ. கோட்டையும் கொண்டு வாங்கோ."

சுடுதளத்தில் ரவையை நான்தான் போடுவேன் என்றேன். சில தடவை உண்மையான ரவை, சில தடவை மருந்தில்லாத வெற்று ரவை. எது உள்ளே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உதை வருமுன்பே உடம்பு பதறுகிறதா என்று பார்க்க நாங்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான் இது. ஆனால் முதல் வருடம் நான் அதைச் செய்யவில்லை. கேட்டால் போதும் என்று நினைத்தேன்.

வெற்று ரவையைப் போட்டுக் கொடுத்தேன். நிஸாம் குறிபார்த்தார். விசையை இழுத்தார். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தது. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. தோள் முன்னால் பாய்ந்திருந்தது.

"மச்சான், மூஸையா சுடுறீங்க, மண்புழுவையா?" என்றார் நிஸாமோடு வந்து பின்னால் நின்ற ரபீக்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நிஸாமின் முகம் கறுத்துவிட்டது. துப்பாக்கியை மேசையில் வைத்தார். அரை மாட்டைத் தூக்குகிற மனிதர், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடம் அவர் காருக்குப் போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். துப்பாக்கியை விற்றிருப்பார்.

நான் என்ன சொல்வதென்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. "நிஸாம், பிழை உங்களில இல்லை" என்றேன். "பிரேக் என்ர பிழை. அளவு என்ர பிழை. உங்களை ரீஷேர்ட்டோட அளந்தன், மடையன் மாதிரி. இனி நான் எப்பிடி இருக்கு எண்டு கேக்கமாட்டன். எங்க நோகுது? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் ரபீக்கைப் பார்த்தார். பிறகு என்னை. கோட்டுக்கு மேலால் புயத்தைத் தொட்டார். "இதில."

"எப்ப தொட்டு?"

"முதல் நாளில இருந்து." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சது. மூத்தவர். குறை செல்லலாமா அண்ணன்?"

நம்மவர்களுக்கு வேலை செய்யப்போகிறவர்களே, இதைக் கேளுங்கள். வெள்ளைக்கார வாடிக்கையாளர் நோகுது என்றால் வந்து மேசையில் அடித்துச் சொல்லுவார். நம்மவர் உங்களை அண்ணை, அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டால் உங்களுக்கு உண்மை கிடைக்காது, மரியாதைதான் கிடைக்கும். அவர் வாயைப் பார்க்காதீர்கள். கண்டலைப் பார்க்கவேண்டும், கண் இமையைப் பார்க்கவேண்டும், குழல் முனையைப் பார்க்கவேண்டும்.

அன்றே பட்டறைக்குப் போனோம். முதலில் பிரேக்கைக் கழற்றப் போகிறேன் என்றேன். நிஸாம் பதறிவிட்டார்.

"கழட்டினா உதை கூடுமே அண்ணன்! நீங்கதானே கணக்குக் காட்டினீங்க?"

"கூடும்."

"கூடினத நான் எப்பிடித் தாங்குற?"

"என்ட மத்தக் காதாவது மிச்சம் இரிக்கட்டும் மச்சான், அவர் கழட்டட்டும்" என்றார் ரபீக்.

எனக்கும் பயம்தான். வேட்டைக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, உதைக்குப் பயந்த ஒருவருடைய துப்பாக்கியின் உதையை நான் வேண்டுமென்று கூட்டப்போகிறேன். அதோடு அந்த அழகான வால்நட் பிடங்கை வெட்டவும் வேண்டும். உலோகத்தில் பிழைவிட்டால் இன்னொன்று கடையலாம். வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. ஒட்டினாலும் அவர் அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் என் பிழையைப் பார்ப்பார். கோட்டோடு நிற்கவைத்து அளந்தேன். மறுபடி அளந்தேன். கண்ணை மூடித் துப்பாக்கியை உயர்த்தச் சொல்லி, திறக்கும்போது குறிபார்க்கும் ஸ்கோப் கண்ணுக்கு நேரே வருகிறதா என்று பார்த்தேன். பென்சிலால் கோடு போட்டேன். பாதுகாப்புக்கு அந்தக் கோட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வெட்டலாமா என்று மனம் கேட்டது. அப்படிச் செய்தால் பாதி நோவு மிச்சம் இருக்கும். அதையும் அவர் என்னிடம் சொல்லமாட்டார். பென்சில் கோட்டிலேயே அறுக்கும் வாளை வைத்தேன்.

வெட்டிய முனையில் தடித்த, மெத்தென்ற ரப்பர் பூட்டினேன். பிடங்கைக் குடைந்து உள்ளே ஈயம் வைத்துப் பாரம் கூட்டினேன். துப்பாக்கி முன்பைவிடப் பாரமாகியது. மற்றது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை.

திரும்பச் சுடுதளம். நிஸாம் கோட்டோடு நின்றார். இந்தமுறை பிடங்கு தோள்குழிக்குள் போய் உட்கார்ந்ததை நான் கண்ணால் கண்டேன். உண்மையான ரவை போட்டேன். வெடித்தது. துப்பாக்கி அவரைப் பின்னால் தள்ளியது, ஆனால் குத்தவில்லை.

"எங்க நோகுது?"

"நோகல்ல அண்ணன்."

"மரியாதைக்குச் சொல்லுறியளோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கழுத்தைத் தடவினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, பெரிய குற்றம் செய்கிறவர்போல, "கன்னத்தில கொஞ்சம் தட்டுது" என்றார்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. எனக்குத் துள்ளவேண்டும்போல இருந்தது. "அதைச் சொல்லுங்கோ! இன்னும் சொல்லுங்கோ!" என்று கத்தினேன். பக்கத்து இடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அன்று பின்னேரமே கன்னம் படும் விளிம்பைச் சீவிக் கொடுத்தேன். அடுத்த நாள் இன்னொரு குறை சொன்னார். அதற்கு அடுத்த நாள் ஸ்கோப்பைப் பற்றி ஒரு முழு முறைப்பாடு. ரபீக், "அண்ணன், இவனுக்கு வாய் திறந்து விட்டுட்டீங்க. இனி மூட ஏலா" என்றார். சில நாளில் வெற்று ரவையைப் போட்டுக் கொடுத்தேன். ‘டிக்’ என்றது. குழல் முனை அசையவில்லை. திரும்ப ஒன்று. அசையவில்லை. நிஸாம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் சுடுதளத்தில் கடதாசியைச் சுடுவதற்கும் காட்டில் உயிர் முன்னால் நிற்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நீங்களும் வரணும் அண்ணன்" என்றார் நிஸாம். நான் ஒருநாளும் வேட்டைக்குப் போனதில்லை. என் மனைவி, "துவக்குக்கு வைத்தியம் பாத்தது காணாதெண்டு இப்ப கூடவும் போறியளோ?" என்றாள். ஆனால் கம்பளி உடுப்புகளை அவளே எடுத்து வைத்தாள்.

ஒக்ரோபர். ரொறன்ரோவிலிருந்து ஒரு முழு நாள் வடக்கே கார் ஓடிப் போகும் தூரம். சதுப்பின் ஓரம், தேவதாரு மரங்களுக்கு அடியில் நாங்கள் மூன்று பேர். புல்லில் வெள்ளையாக உறைபனி. ரபீக் குல்லாவுக்கு மேலே பெரிய காதுமூடி போட்டிருந்தார். நான் வாங்கிக் கொடுத்தது. எனக்கும் ஒன்று, நிஸாமுக்கும் ஒன்று. "பாக்கிறவன் நாங்க மூஸ் சுட வந்ததோ விமானம் இறக்க வந்ததோ எண்டு கேப்பான்" என்று முணுமுணுத்தார் ரபீக். இருந்தாலும் நிஸாமுக்குப் பக்கத்தில் நிற்காமல் நன்றாகப் பின்னால் போய் நின்றார்.

நாள் முழுவதும் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வெகுநேரம் ஒன்றும் இல்லை. எனக்குக் கால் விறைத்துவிட்டது. அப்போது நிஸாம் இரண்டு விரலை மெல்ல உயர்த்தினார்.

சதுப்பின் அந்தப் பக்கம், வில்லோ செடிகளை விலக்கிக்கொண்டு அது வந்தது. நான் படங்களில்தான் பார்த்திருந்தேன். கொம்புகள் ஒரு கட்டில் அகலம். தண்ணீரில் காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது. பக்கவாட்டில் நின்றது.

நான் மூஸைப் பார்க்கவில்லை. நிஸாமின் முகத்தைப் பார்த்தேன். துப்பாக்கி உயர்ந்தது. பிடங்கு கோட்டுக்கு மேல் தோள்குழிக்குள் போய் அமர்ந்தது. அவருடைய உதடுகள் அசைந்தன. அந்தப் பெயரைச் சொல்கிறார் என்று விளங்கியது. நேரம் போனது. மிருகம் தலையைத் திருப்பியது. இப்போது சுடாவிட்டால் போய்விடும் என்று நான் நினைத்தேன். அவர் அவசரப்படவில்லை. எனக்கு அவருடைய இமை மட்டும் தெரிந்தது. மூடாதே, மூடாதே என்று என் மனம் அடித்துக்கொண்டது.

வெடித்தது. அவருடைய தோள் பின்னால் போய்த் திரும்பி வந்தது. கண் திறந்தே இருந்தது.

அக்கரையில் மூஸ் ஒரு அடி முன்னால் வைத்தது. பின்னங்கால்கள் மடிந்தன. பிறகு முழு உடம்பும், கொம்போடு, தண்ணீர் தெறிக்க விழுந்தது.

ரபீக், "மச்சான்! மச்சான்! மச்சான்!" என்று கத்தினார். வேறு சொல் அவருக்கு வரவில்லை. நிஸாம் துப்பாக்கியிலிருந்த ரவைகளை எடுத்துவிட்டு, துப்பாக்கியை என் கையில் தந்துவிட்டு, கத்தியை உருவிக்கொண்டு முழங்கால் ஆழச் சேற்றில் ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு, அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. விழுந்தார், எழும்பினார், மறுபடி ஓடினார். நாங்கள் பின்னால் தடுமாறிப் போனோம். அவர் போய்ச் சேர்ந்தபோது அதன் விலாவில் மூச்சு இன்னும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முழந்தாளிட்டு, ஒரு கையை அதன் கழுத்தில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் செய்தார். அது துடிக்கவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். ரபீக் அவருடைய முதுகில் அறைந்தார். நிஸாம் அழுதுகொண்டே சிரித்தார். சதுப்புத் தண்ணீரில் கையைக் கழுவினார். முகத்தையும் கழுவினார். எங்கிருந்தோ சிக்னல் கிடைத்து, ரபீக் சரீனாவுக்கு அழைத்து, "ஒரே வெடி! உன்ட மாப்பிள்ள ஒரே வெடியில!" என்று வலது காதில் போனை வைத்துக்கொண்டு கூவினார். மறுமுனையில் அவள் கூவியது எனக்கே கேட்டது.

நான் நிஸாமுக்கு அருகில் குந்தினேன். இத்தனை வேலைக்கும் கணக்குக் கேட்க வேண்டும் அல்லவா?

"சொல்லுங்கோ நிஸாம். பிரேக் இல்லாமச் சுட்டிருக்கிறியள். மரியாதை வேண்டாம். எங்க உதைச்சது?"

அவர் தோளைத் தடவினார். புயத்தைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்தார்.

"தெரியா அண்ணன்" என்றார். "கவனிக்க மறந்துட்டன்."